பெரிய மீன்கள் மட்டும் செத்த கண்மாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் வானத்தைப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து பாதி ஊரை ஏற்றிக்கொண்டு போகும். இங்கே சத்தம் கேட்டால் முதலில் திசையைப் பார்ப்போம். அந்தத் திசையில் நம் வீட்டு ஆள் யாராவது வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று அப்புறம் நினைத்துப் பார்ப்போம். அன்று லீவு நாள். மேற்கே கண்மாயைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அதனால் பெண்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். டீக்கடையில் ஆண்கள் சத்தத்தை எடை போட்டார்கள்.

கண்ணுச்சாமி அங்கே இருந்தார். எங்கள் ஊரிலிருந்து அதிகம் பேர் போகிற பட்டாசுக் கம்பெனியில் அவர்தான் போர்மேன். வெடித்துப் பார்க்கும் மாதிரிச் சரங்களைக் காதால் அளந்து, இது தேறும், இது தேறாது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறவர்.

“இடி இல்லலே இது,” என்றார். “இடின்னா உருளும். இது வெட்டுச்சு. ஒத்தை வெட்டு. கால் கிலோ மருந்து இருக்கும். நல்லா இறுக்கிக் கட்டுனது.”

“தராசுல வச்சுப் பாத்தீகளா அண்ணே, இல்ல தோராயமாவா?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு மேகம் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பங்குனி வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. கண்ணுச்சாமி சொன்னது எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. எனக்கும்.

கால் மணி நேரத்தில் கண்மாய்க் காவல்காரர் நாகையா சைக்கிளில் வந்து இறங்கினார். மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது என்றார். விருதுநகருக்குப் போன் போட்டுக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் கரையை விட்டுப் போன ஒரே ஆள் யார் என்பதையும் சொன்னார்.

சங்கிலிமுத்து.

சங்கிலிமுத்து கண்ணுச்சாமியின் கம்பெனியில் மருந்து கலக்கிறவர்.

கம்பெனி கேட்டில் தினமும் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு சிட்டிகை மருந்து வெளியே போனது தெரிந்தாலும் போலீஸ் கேஸ். பிறகு இந்த வட்டாரத்தில் எந்த வேனும் அந்த ஆளுக்காக நிற்காது. மருந்தைத் திருடிக் கண்மாயில் போட்டு மீன் பிடித்தான் என்றால் அதோடு ஒரு மனிதரின் கதை முடிந்தது. கண்ணுச்சாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சங்கிலிமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தவர். கிணறுகள் வற்றிய ஒரு வருஷத்தில் குடும்பமே வேனில் ஏறியது. சங்கிலிமுத்து முதலில் திரி வெட்டினார். பிறகு குழாயில் மருந்து அடைத்தார். பன்னிரண்டு வருஷமாகக் கலவை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றையும் சலித்துக் கையால் கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள்.

அது கண் பார்த்துச் செய்கிற வேலை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவர் விரல் வேலை என்பார். மருந்துக்குள் ஒரு மணல் பருக்கை கிடந்தால் விரல் நுனிக்குத்தான் முதலில் தெரியும். நெருடும். நெருடினால் அந்தத் தட்டை அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார். யாரிடமும் கேட்க மாட்டார். கண்ணுச்சாமியும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் நடந்த வெடி விபத்தில் அவருடைய தம்பி பாண்டிச்செல்வம் போய்விட்டான். அவன் கலவை அறையில் இல்லை. பக்கத்து அறையில் குழாய் அடைத்துக்கொண்டிருந்தான். காரணம் என்று பேப்பரில் ஒரே ஒரு வார்த்தை வந்தது. உராய்வு. சங்கிலிமுத்து அழவில்லை என்று சொல்கிறார்கள். காரியம் முடிந்த மறுநாள் வேனில் ஏறினார். அதற்குப் பிறகுதான் அவர் பேசாமல் போனார் என்று சொல்ல முடியாது. முன்பும் பேச மாட்டார். ஆனால் இப்போது எதைச் சொன்னாலும் அரை நொடி தாமதமாகத் தலையாட்டுகிறார், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறவர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தூண்டில் உண்டு. கண்மாய் மீனை விருதுநகர் வியாபாரி அலாவுதீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். வலை போடக் கூடாது. தூண்டில் போட்டால் மட்டும் நாகையா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மீன் கிடைக்கிறதா என்பது சங்கிலிமுத்துவுக்கு முக்கியமில்லை என்று நினைக்கிறேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் மூன்று மணி நேரம் சும்மா இருந்தால் ஊர் கேள்வி கேட்கும். கையில் தூண்டில் இருந்தால் கேட்காது.

அன்று நடந்ததை ரொம்ப நாள் கழித்துத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மண்புழுச் சேறு ஒட்டிய வலது கையைத் தண்ணீரில் விட்டு அலசிக்கொண்டிருந்தார். நூறு நூற்றைம்பது அடிக்கு அப்பால், கண்மாயின் நடுவில், தண்ணீர் வெள்ளையாக எழுந்து நின்றது. நின்றது என்றுதான் சொன்னார். ஊருக்கெல்லாம் கேட்ட சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. கண் விழித்தபோது கல்லுக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தார். காதுக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து மஞ்சள் பையை எடுத்தார். பை கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன, அவசரமே இல்லாமல். அவற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை என்றார். வீட்டுக்குப் போகணும் என்று மட்டும் தோன்றியதாம்.

வீட்டில் யாரும் இல்லை. அவர் மனைவி குருவம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். சங்கிலிமுத்து அடுப்படிக்குப் போய் ரவை டப்பாவையும் கல்லுப்பு டப்பாவையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் வலது கையை விட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு இடது கையை விட்டார். உப்பு உப்பாக இருந்தது, ரவை ரவையாக இருந்தது.

டப்பாக்களை மூடி இருந்த இடத்தில் வைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த வலது கை மருந்துக்குள் போக வேண்டும்.

மகள் மாரிசெல்வி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். கலவைக்காரர் சம்பளத்தை நம்பிச் சேர்த்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நான் பார்த்திருக்கிறேன். அவர் ஏறும்போது வேனில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். அவருக்கு ஊரில் வேறு மரியாதை எதுவும் கிடையாது.

காலைக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். அப்போது வாசலில் நாகையாவின் சைக்கிள் மணி அடித்தது.

நாங்கள் கண்மாய்க்குப் போனபோது அலாவுதீன் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியிருந்தார். கூடவே ஐஸ் பெட்டிகளும், அவர் கடையில் மீன் அறுத்துக் கொடுக்கும் பஞ்சம்மாளும். நாகையாவும் இன்னும் இரண்டு பேரும் செத்த மீனை அள்ளிக் கரையில் விரித்த தார்ப்பாயில் போட்டிருந்தார்கள். கட்லா, ரோகு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அடுத்த வாரம் வலை போடுவதாக இருந்த மீன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண் தெளிவாக இருந்தது. விலை கேட்டால் புரண்டு படுக்கும் போல இருந்தன.

சங்கிலிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது கை இடது அக்குளுக்குள் இருந்தது.

“நாந்தான் பாத்தேன் பாய்,” என்று நாகையா ஆரம்பித்தார். “சத்தம் கேட்டு அஞ்சு நிமிசம் இருக்கும். இந்தா இங்கன இருந்துதான் போறாரு. குடிச்சவுக மாதிரி நடை. கையில மஞ்சப் பை.”

குருவம்மாள் அதற்குள் வந்துவிட்டாள். இடுப்பில் தண்ணீர்க் குடம் இன்னும் இருந்தது.

“மஞ்சப் பையில மண்புழு இருந்துச்சு நாகையா. வேணும்னா உனக்கும் ரெண்டு தாரேன், வாயில போட்டுக்க. அம்புட்டு நேரமும் தொறந்துதான வச்சிருக்க.”

“நான் பாத்ததைச் சொன்னேன் மதினி.”

“வாரா வாரம் எம் புருசன்கிட்ட பீடி வாங்கிக் குடிக்கும்போது இந்தக் கண்ணு எங்க போச்சு?”

கண்ணுச்சாமி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். சங்கிலிமுத்துவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்டது.

“ஏலே சங்கிலி. எங்கிட்டச் சொல்லிரு. மருந்து நம்ம கம்பெனியில இருந்து வந்துச்சா?”

அரை நொடி.

“நான் போடலண்ணே.”

“அப்ப என்ன சத்தம் அது?”

“தெரியல.”

“தெரியலையா? டீக்கடையில இருந்த எனக்குத் தெரியுது, கரையில உக்காந்திருந்த உனக்குத் தெரியலையா?”

சங்கிலிமுத்து தண்ணீரைப் பார்த்தார். இடி விழுந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, நீ எங்கன இருந்த என்பது. அதற்கு அடுத்த கேள்வி, உனக்கு ஒண்ணும் ஆகலையா என்பது. திருடன் என்றால் வேலையே போகும். கை மரத்துப்போச்சு என்றால் கலவை போகும். இரண்டுக்கும் நடுவில் பேசாமல் நின்றுகொள்ள ஓர் இடம் இருப்பதாக அவர் நினைத்தார். அப்படி ஓர் இடம் இல்லை என்பது பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரிந்தது. பேசாத ஒவ்வொரு நிமிஷமும் அவர்தான் செய்தார் என்று எல்லோரும் இன்னும் கொஞ்சம் நம்பினார்கள்.

“போலீசுக்குச் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க பாய்,” என்றார் கண்ணுச்சாமி. “நாளைக்கு வேற யாராச்சும் சொன்னா என் தலைதான் முதல்ல உருளும்.”

அலாவுதீன் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கட்லாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போலீசு எங்கயும் போயிராது அண்ணாச்சி. எனக்கு முதல்ல இது எப்படிச் செத்துச்சுன்னு தெரியணும். தானாச் செத்து மல்லாந்து மிதக்குற மீனை எங்க வீட்டுல சேக்க மாட்டோம். எங்க ஆளுகளுக்கு விக்கவும் மாட்டேன். அடிபட்டுச் செத்துச்சு, ஒரு காரணம் இருக்குன்னா அது வேற. மருந்து கிருந்து கலந்து விசத்துல செத்துச்சுன்னா யாருக்குமே விக்க முடியாது, குழி தோண்ட வேண்டியதுதான். பஞ்சம்மா, ஒண்ணை அறு பாப்போம்.”

பஞ்சம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்து அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டாள். பக்கத்தில் சாம்பல் டப்பா. ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய். சுற்றி இருபது ஆண்கள் நிற்பது அவளை எதுவும் செய்யவில்லை. முதல் மீனின் வயிற்றைக் கீறி உள்ளே விரலை விட்டவள் அப்படியே நிறுத்தினாள்.

“யாரு வெடின்னு சொன்னது?”

எல்லோரும் கண்ணுச்சாமியைப் பார்த்தார்கள்.

“வெடி போட்ட மீனு நான் எம்புட்டு அறுத்திருக்கேன். கல்லுக் கெடங்குல தோட்டா போட்டுப் பிடிச்சதை எல்லாம் களவாக் கொண்டாந்து தலையில கட்டுவானுக. வயித்தைத் தொறந்தா கூழாக் கெடக்கும். காத்துப்பை கிழிஞ்சிருக்கும், விலா முள்ளு சதையை விட்டுக் கழண்டு வரும். இங்க பாருங்க.”

உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பையை எடுத்துச் சாக்கில் வைத்தாள். பலூன் மாதிரி உப்பி, இரண்டு கண்ணறையாக, பளபளப்பாக இருந்தது. மீன் தண்ணீரில் ஏறி இறங்குவது அதை வைத்துத்தான். குதிகாலால் அதை ஒரு மிதி மிதித்தாள். டப்பென்று வெடித்தது. முன்வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

“இது எம்புட்டு மருந்துண்ணே?” என்று கண்ணுச்சாமியிடம் கேட்டாள்.

அன்று மாலை இரண்டாம் தடவையாக எல்லோரும் சிரித்தோம். கண்ணுச்சாமி சிரிக்கவில்லை.

அடுத்தடுத்து நாலு மீன் அறுத்தாள். எல்லாவற்றிலும் காற்றுப்பை முழுசாக இருந்தது. முதுகெலும்பை ஒட்டி மட்டும் ரத்தம் கோடாகக் கட்டியிருந்தது. ஒரு ரோகுவின் முதுகெலும்பு நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. வெளித்தோலில் ஓர் அடையாளமும் இல்லை.

“யாரும் அடிக்கல. அதுவாத் துடிச்சு அதுவா முறிச்சுக்கிருச்சு,” என்றாள். பிறகு தார்ப்பாயைச் சுற்றிப் பார்த்தாள். “ஆமா, பொடி எங்க?”

“என்ன பொடி?” என்றார் நாகையா.

“பொடி மீனு. வெடின்னா பொடிதான முதல்ல சாகும்? இதுல ஒண்ணுகூட இல்லையே.”

நாங்கள் தண்ணீரின் ஓரத்துக்குப் போய்க் குனிந்தோம். விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாக, எதுவும் நடக்காதது மாதிரி போய்வந்துகொண்டிருந்தன. இன்னும் அள்ளாத ஒரு பெரிய கட்லாவின் வாய்க்குப் பக்கத்தில்கூடப் போயின.

“போன வருசம் ஒரு ஊருணியில கரண்டுக் கம்பி அறுந்து விழுந்துச்சு. அந்த மீனும் இப்படித்தான். பெருசெல்லாம் செத்துப்போச்சு, சிறுசெல்லாம் இருந்துச்சு,” என்றாள் பஞ்சம்மாள். “இது கரண்டுல செத்த மீனு பாய்.”

அது ஏன் என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல தண்ணீரை விட மீனின் உடம்பில் உப்பு அதிகம். மின்சாரத்துக்குத் தண்ணீரை விட மீன் வழியாகப் போவது சுலபம். தலைக்கும் வாலுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு அடி. வளர்ந்த உடம்புக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கும். குஞ்சுகளைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடும். மின்னல் பெரும்பாலும் தண்ணீரின் மேல்பரப்பில்தான் பரவும், ஆழத்துக்கு அதிகம் இறங்காது என்றும் போட்டிருந்தது. படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மீன் இல்லை, கலுங்கில் கையை அலசிக்கொண்டிருந்த சங்கிலிமுத்து.

“இங்கன ஏது கரண்டுக் கம்பி?” என்றார் நாகையா.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். அந்த ஒற்றை மேகம் அதற்குள் கலைந்துபோயிருந்தது.

“இடி உருளலையே,” என்றார் கண்ணுச்சாமி, ரொம்ப மெதுவாக.

“பக்கத்துலயே விழுந்தா எங்கிட்டுண்ணே உருளும்?” என்றாள் பஞ்சம்மாள். சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

அப்படியாகச் சங்கிலிமுத்து திருடர் இல்லை என்று ஆனது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், மூச்சு விட இடம் கொடுப்பது போல. குருவம்மாள் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

அலாவுதீனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஐஸ் போடச் சொன்னார். மிச்சம் மீன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மடைக்குப் பக்கத்துக் குழியில் ஒரு வீச்சு வீசச் சொன்னார். நாகையா வீச்சுவலையை எறிந்து இழுத்தார். சேற்றோடு கெளுத்திகள் வந்தன. நல்ல உயிரோடு, மீசையை ஆட்டிக்கொண்டு, கோபமாகத் துள்ளின. அடிச்சேற்றில் கிடந்தவற்றை இடி தொடவில்லை.

அலாவுதீன் பெரிய கெளுத்தி ஒன்றைச் செவுளுக்குப் பின்னால் லாவகமாகப் பிடித்து எடுத்தார். நேராகச் சங்கிலிமுத்துவிடம் வந்தார்.

“தப்பாப் பேசிட்டாக. மனசுல வச்சுக்கிராதீக. வீட்டுக்குக் கொண்டுபோங்க.”

சங்கிலிமுத்து தயங்கினார். அத்தனை பேர் பார்க்க, நீட்டிய கையை மறுக்க முடியாது. இடது கையில் வாங்குவது மரியாதை இல்லை. அக்குளிலிருந்து வலது கையை எடுத்து வாங்கினார்.

கெளுத்தியின் இரண்டு பக்கமும் முதுகிலும் முள் உண்டு. ரம்ப முள். ஏறினால் பெரிய ஆளும் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வலி ராத்திரி முழுக்கத் தோள் வரைக்கும் இழுக்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. பக்கவாட்டு முள் அவருடைய கட்டைவிரல் மேட்டில் ஏறியது. பாதி முள் உள்ளே போனதை நான் பார்த்தேன்.

“சரி பாய்,” என்றார் சங்கிலிமுத்து. “வாரேன்.”

மணிக்கட்டு வழியாக ரத்தம் இறங்கித் தார்ப்பாயில் சொட்டியது. அவர் மீனைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் எதுவும் இல்லை.

“அண்ணே, கை,” என்றார் அலாவுதீன்.

சங்கிலிமுத்து குனிந்து பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

கண்ணுச்சாமிதான் வந்து மீனைப் பிடித்து, முள்ளை மெதுவாகத் திருகி வெளியே எடுத்தார். எடுக்கும்போது அவருக்குத்தான் பல் கூசியது. மீனை நாகையாவிடம் எறிந்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“எப்பருந்து?”

“அந்தச் சத்தத்துல இருந்து.”

“எதுவுமே தெரியலையா?”

“முழங்கை முட்டி வரைக்கும் இல்லண்ணே.”

கண்ணுச்சாமி அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“நாளைக்கு வேன்ல ஏறியிருப்பியா?”

அரை நொடி ஆனது. ஒரு நொடி ஆனது.

“ஏறியிருப்பேன்,” என்றார் சங்கிலிமுத்து.

“பக்கத்து ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம்லே.”

“தெரியும்ணே.”

கண்ணுச்சாமி கையை விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சங்கிலிமுத்து சட்டைத் துணியால் ரத்தத்தைத் துடைத்தார். சரியான இடத்தில் துடைக்கிறோமா என்று பார்த்துப் பார்த்துத்தான் துடைக்க முடிந்தது. பிறகு அவராகவே சொன்னார்:

“நாளைக்குக் கலவைக்கு மாரிக்கண்ணனைப் போடுங்க. சல்லடையை ரெண்டு தடவை பாக்கச் சொல்லுங்க.”

மறுநாள் ஏழு மணிக்கு வேன் வந்தது. சங்கிலிமுத்துவும் ஏறினார். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனார். பேக்கிங் அறையில் பெண்களோடு உட்கார்ந்து இடது கையால் பெட்டிக்கு லேபிள் ஒட்டினார். முதல் வாரம் லேபிள்கள் கோணலாகப் போயின. “அண்ணாச்சி ஒட்டுன பெட்டியில சாமி படம் படுத்துத் தூங்குது,” என்று பெண்கள் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவரும் தலையாட்டியிருப்பார், கொஞ்சம் தாமதமாக.

குருவம்மாள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஊசியால் குத்திப் பார்த்தார். நரம்பு வேலை, மூணு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுதிருக்கிறாள். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லையாம். இடி தலையில் விழாமல் போனதற்கா, கலவைச் சம்பளம் போனதற்கா என்று கேட்டாராம். அதிலிருந்து இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மாரிசெல்வியின் படிப்பு நிற்கவில்லை. குருவம்மாள் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து வீட்டிலும் பெட்டி ஒட்டுகிறாள்.

சீசன் நெருங்க நெருங்கக் கண்ணுச்சாமிக்குக் கலவைக்கு ஆள் போதவில்லை. மாரிக்கண்ணன் நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு தட்டையும் ஒதுக்கி வைக்கத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். சங்கிலிமுத்துவைப் பார்க்கும்போதெல்லாம், “கை எப்படிலே இருக்கு?” என்பார். “அப்படியேதாண்ணே இருக்கு.” பதில் மாறவே இல்லை.

ஆடி மாதம் ஒரு நாள் காலை, நான் வேலை பார்க்கும் சிவகாசி பிரஸ்ஸுக்குப் போக பஸ்ஸை எதிர்பார்த்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் அவர். கடைக்காரர் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். சங்கிலிமுத்து எதையோ யோசித்துக்கொண்டு வலது கையால் அதை எடுத்தார். எடுத்தவர் சட்டென்று கீழே வைத்தார். டீ சிந்தியது. விரல் நுனிகளை வாயருகே கொண்டுபோய் ஊதினார். ஊதிக்கொண்டே நிறுத்தினார். கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார், மருந்தைத் தேய்த்துப் பார்ப்பது மாதிரி, நிதானமாக. பிறகு நிமிர்ந்தார். நான் பார்வையைப் பேப்பருக்குத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணுச்சாமி ரோட்டைக் கடந்து வந்தார்.

“என்னலே, கை எப்படி இருக்கு?”

சங்கிலிமுத்து கிளாஸை இடது கையால் எடுத்துக்கொண்டார்.

“மரத்துத்தாண்ணே கெடக்கு,” என்றார்.